சாத்திய கதவுகள்

நடந்து முடிந்த சரித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பது பயனற்ற வேலை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த ஓர் அபிப்பிராயத்தில் மட்டும் உடன்பாடு இல்லை. ஒரு யுத்தத்தில் ஓர் அரசன் தோற்றதற்கு இன்னது காரணம் என்று எழுதுகிற எந்தச் சரித்திர ஆசிரியரும், அந்தக் காரணம் இல்லாதிருந்தால் அவன் தோற்றிருக்க மாட்டான் என்பதையும் வாய்விட்டுச் சொல்லாமல் கூடவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே கேட்கலாமா, கூடாதா என்ற வாதத்தை ஒதுக்கிவிட்டு, எந்த இடத்தில் நின்று கேட்பது என்பதை ஆராய்ந்தால் போதும் என்பது என் எண்ணம். அந்த ஆராய்ச்சிக்குப் பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் போல் இடம் கொடுக்கும் களம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. 1461 முதல் 1485 வரையுள்ள இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்த நாட்டின் கிரீடம் ஆறு முறை கைமாறிற்று. ஒவ்வொரு கைமாற்றமும் மயிரிழையில் வேறு பக்கம் சாய்ந்திருக்கக் கூடியதாகவே இருந்தது.

பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் எட்வர்ட் மன்னன் 1377-இல் இறந்தபோது பட்டத்துக்கு வந்தவன் அவனுடைய மூத்த மகன் வயிற்றுப் பேரனான இரண்டாம் ரிச்சர்ட். அவனை 1399-இல் வீழ்த்திச் சிம்மாசனம் ஏறிய நான்காம் ஹென்றி, மூன்றாம் எட்வர்டின் மற்றொரு புதல்வரான லங்காஸ்டர் டியூக்கின் மகன். அவன் பேரன்தான் ஆறாம் ஹென்றி. தகப்பனான ஐந்தாம் ஹென்றி பிரான்ஸைப் பாதி வென்றுவிட்டு 1422-இல் முப்பத்தைந்து வயதில் சீதபேதியால் மாண்டபோது, இந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம். வளர்ந்த பிறகும் அவன் பக்திமானாக இருந்தானே ஒழிய அரசாளத் தெரிந்தவனாக இல்லை. 1453 ஆகஸ்டில் அவனுக்குச் சித்தம் கலங்கி, ஓராண்டுக்கு மேல் எதிரில் நிற்பவர் யாரென்று அறியாத நிலையில் கிடந்தான். பிரெஞ்சு மன்னனாயிருந்த அவனுடைய தாய்வழிப் பாட்டனுக்கும் இதே வகை வியாதி இருந்தது. இந்த நிலையில், பரம்பரைக் கணக்கில் தனக்கே அதிக உரிமை உண்டென்று காட்டக்கூடிய யார்க் டியூக் ரிச்சர்ட் ஒரு பக்கமும், தன் கைக்குழந்தையின் உரிமையைக் காக்கப் புறப்பட்ட மார்கரெட் ராணி மறு பக்கமுமாகப் போராட்டம் மூண்டது. பின்னாளில் ரோஜா யுத்தங்கள் என்று பெயர் பெற்றது அதுதான்.

இதைப் பற்றி "வேறு விதமாக நடந்திருந்தால்" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வானத்தையே அண்ணாந்து பார்க்கிறார்கள். 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறன்று, டௌட்டன் வெளியில் பனி பெய்தது. காற்று யார்க் வில்லாளிகளின் முதுகுப் புறத்திலிருந்து வீசியபடியால் அவர்களுடைய அம்புகள் தூரம் போயின, எதிரிகளின் அம்புகள் நடுவழியிலேயே விழுந்தன. 1471-இல் ஈஸ்டர் ஞாயிறன்று பார்னெட் களத்தை மூடுபனி மறைத்தது. ஆக்ஸ்போர்ட் பிரபுவின் ஆட்கள் அணிந்திருந்த கதிர்விடும் நட்சத்திரச் சின்னத்தை, எதிரியான யார்க் டியூக்கின் மகன் எட்வர்டின் கதிர்விடும் சூரியச் சின்னமென்று மயங்கி அவர்கள் பக்கத்துப் படையே அவர்கள்மேல் அம்பு தொடுக்க, "துரோகம்" என்ற கூக்குரல் எழுந்து, அந்தக் குழப்பத்தில், யார்க் பக்கத்திலிருந்து லங்காஸ்டர் பக்கம் மாறியிருந்த வாரிக் பிரபு மாண்டார். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் காற்றுக்கும் பனிக்கும் மனம் என்பது இல்லை. அவை ஏன் அப்படிச் செய்தன என்று கேட்க முடியாத இடத்தில், வேறு விதமாகச் செய்திருக்குமா என்று கேட்பதிலும் சாரம் இல்லை.

இந்த யுத்தங்களை நான் படித்த அளவில், திசை திரும்பிய இடங்கள் போர்க்களங்களைவிட அதிகமாகக் கோட்டை வாசல்களிலேயே இருக்கின்றன. ஒரு சைனியம் நகர மதிலுக்கு வெளியே வந்து நின்று, "கதவைத் திற" என்கிறது. உள்ளே மேயரும் வணிகர்களும் கைத்தொழிலாளரும் கூடி யோசித்து, திறக்கிறார்கள் அல்லது சாத்திவிடுகிறார்கள். அவர்களுடைய அந்த முடிவுக்குக் காரணம் உண்டு. எதிர் முடிவுக்கும் அந்த அறையிலேயே யாராவது வாதாடியிருப்பார்கள். மனிதர்கள் மனமறிந்து செய்த தேர்வு என்பதால், அவர்கள் மாற்றிச் செய்திருந்தால் என்ன என்று நாமும் நியாயமாக விவாதிக்கலாம்.

முதல் கதவு லண்டனுடையது. 1460 டிசம்பர் இறுதியில் வேக்ஃபீல்டில் யார்க் டியூக் கொல்லப்பட்டு, அவர் தலை காகிதக் கிரீடத்துடன் யார்க் நகர வாசலில் வைக்கப்பட்டது. மார்கரெட் ராணி தன் வடநாட்டுப் படையோடு தெற்கே இறங்கி, 1461 பிப்ரவரி 17-ஆம் தேதி செயின்ட் ஆல்பன்ஸில் வாரிக்கைத் தோற்கடித்து, அவரிடம் சிறைபோல் இருந்த தன் கணவனையும் மீட்டுக்கொண்டாள். அன்று அவள் கையில் அரசன் இருந்தான், இளவரசன் இருந்தான், வெற்றி பெற்ற படை இருந்தது. தலைநகரமோ ஒரு நாள் நடை தூரத்தில் இருந்தது. லண்டன் மேயரும் ஆல்டர்மன்களும் அவளோடு சமாதானம் பேச மூன்று பிரபுகுலப் பெண்களை அனுப்பினார்கள். பெட்ஃபோர்ட் டியூக்கின் விதவையான ஜாக்கெட்டாவும் அவர்களில் ஒருத்தி. உணவு வண்டிகளை அனுப்பவும் நகரத்தின் மேலோர் இசைந்தார்கள். ஆனால் சாமானிய ஜனங்கள் அந்த வண்டிகளை வாசலிலேயே மறித்துப் பறித்துக்கொண்டார்கள், கதவு திறக்கப்படவில்லை.

அந்த ஜனங்கள் அப்படிச் செய்ததற்குக் காரணத்தை யார்க் வம்சத்தின் மேலிருந்த பக்தியில் மாத்திரம் தேடக் கூடாது. ராணியிடம் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. வழிநெடுகக் கொள்ளையிட்டுப் பிழைத்துக்கொள்ளும்படி விடப்பட்ட படை அது. அது கடந்து வந்த ஊர்களின் கதி லண்டன்வாசிகளுக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டது. கஜானாவில் சில ஆயிரம் பவுன் இருந்து, அந்த வீரர்கள் ஒழுங்காகச் சோறு தின்று நடந்து வந்திருந்தால், மேயரின் வண்டிகள் போய்ச் சேர்ந்திருக்கும், கதவும் திறந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மார்கரெட் மனம் தளர்ந்து வடக்கே திரும்பினாள். பத்து நாட்களுக்குள் யார்க் டியூக்கின் பதினெட்டு வயது மகன் எட்வர்ட் அதே நகரத்துக்குள் வரவேற்போடு நுழைந்து, மார்ச் 4-ஆம் தேதி அரசனாக முழங்கப்பெற்றான். டௌட்டன் அதற்குப் பிறகுதான். அரசனென்ற பட்டத்தோடும் லண்டன் வணிகர்களின் கடனுதவியோடும் அந்தப் பனிவெளிக்கு அவன் போனான் என்பதை மறந்து, பனியைப் பற்றியே பேசுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

கதவு திறந்திருந்தால்? எட்வர்ட் ஒரு கலகக்காரனின் மகனாகவே வேல்ஸ் எல்லையில் நின்றிருப்பான். ஆறாம் ஹென்றியின் சித்தம் தெளிந்திருக்காதுதான். ராஜ்யம் மார்கரெட்டின் கையில் நடந்திருக்கும். பிரபுக்களின் பகை ஓய்ந்திருக்காது. இன்னும் ஒரு பெரிய யுத்தமாவது நடந்திருக்கும். ஆனால் ஏழு வயதுப் பாலகனான இளவரசன் எட்வர்ட் பத்தாண்டுகளில் பதினேழு வயது வாலிபனாகிவிடுவான். அந்தப் பத்தாண்டுகளை எப்படியாவது ஓட்டிவிட்டால் லங்காஸ்டர் வம்சம் நிலைத்துவிடும். மார்கரெட்டின் உறுதியை அறிந்தவர்கள், அவள் அதை ஓட்டியிருப்பாள் என்பதைச் சந்தேகிக்க மாட்டார்கள். அப்போது நான்கு வயதுக் குழந்தையாயிருந்த ஹென்றி டியூடர், அரசனின் தாய்வழித் தம்பி மகன் என்ற முறையில் ரிச்மண்ட் பிரபுவாக வளர்ந்து, அரசவையில் ஒரு கௌரவமான ஆசனத்தில் அமர்ந்து, சரித்திரத்தில் ஒரு வரிகூடப் பெறாமல் போயிருப்பான். அன்று தூது போன ஜாக்கெட்டாவின் மகள் எலிசபெத் உட்வில், அந்தச் செயின்ட் ஆல்பன்ஸ் யுத்தத்தில்தான் லங்காஸ்டர் பக்கம் நின்ற தன் கணவனை இழந்தாள். அவள் விதவையானதும், மூன்றாண்டுக்குப் பின் 1464-இல் எட்வர்ட் அவளை ரகசிய விவாகம் செய்துகொண்டதும், அதனால் வாரிக்கின் மனம் கசந்ததும் இந்த வரலாற்றின் அடுத்த முடிச்சு.

அந்தக் கசப்பு முற்றி, 1470 வசந்தத்தில் வாரிக், எட்வர்டின் தம்பியும் தம் மருமகனுமான கிளாரன்ஸ் டியூக்கோடு நாட்டை விட்டுக் கப்பலேறினார். நேரே போன இடம் கலே துறைமுகம். பிரெஞ்சுக் கரையில் இங்கிலாந்துக்கு மிஞ்சியிருந்த அந்த ஒரே கோட்டைக்கு அவரே தலைவர். பத்தாண்டுக்கு முன் தோற்று ஓடி அங்கே தங்கி, பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து லண்டனைப் பிடித்தவரும் அவரே. இம்முறை அவருடைய சொந்தப் பிரதிநிதியான வென்லாக் கதவைத் திறக்க மறுத்தார். கப்பலில் வாரிக்கின் மூத்த மகள் இசபெல்லுக்குப் பிரசவ வேதனை. கரைக்கு எதிரே, அலைகளின் மேல் பிறந்த குழந்தை இறந்தது. வேறு வழியின்றி வாரிக் நார்மண்டிக்குப் போய்ப் பிரெஞ்சு மன்னன் பதினோராம் லூயியிடம் தஞ்சம் புகுந்தார். லூயி அவரையும் அவருடைய பரம வைரியான மார்கரெட்டையும் ஆங்கர் நகரில் சந்திக்க வைத்தான். தாம் கவிழ்த்த ராணியின் முன் வாரிக் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அவருடைய இளைய மகள் ஆனை இளவரசன் எட்வர்டுக்கு மணமுடிக்க நிச்சயித்தார்கள்.

கலேயின் கதவு திறந்திருந்தால் வாரிக்குக்கு லூயியும் தேவையில்லை, மார்கரெட்டும் தேவையில்லை. அங்கிருந்தபடியே மருமகன் கிளாரன்ஸைச் சிம்மாசனத்தில் ஏற்றும் பழைய திட்டத்தைத் தொடர்ந்திருப்பார்; அது பலித்திருக்காது, ஏனெனில் கிளாரன்ஸுக்காக உயிர் கொடுக்க இங்கிலாந்தில் ஆள் இல்லை. லங்காஸ்டர் இளவரசனோ பிரான்ஸிலேயே பத்திரமாக இருந்திருப்பான். அவன் உயிரோடு வெளியே இருக்கும்வரை, லண்டன் கோபுரச் சிறையில் கிடந்த அவன் தந்தையைக் கொல்வதில் எட்வர்டுக்கு லாபம் ஒன்றுமில்லை. ஆக, வாரிக்கை மறித்த அந்தக் கதவு, அவர் மனத்தில் எள்ளளவும் இடம்பெறாத இருவருடைய மரணத்துக்கு வழி திறந்தது. இந்த யுத்தங்களில் என்னை மிகவும் கலங்கச் செய்யும் தொடர்ச்சி இதுவே.

1470 இலையுதிர் காலத்தில் வாரிக் திரும்பி வந்து ஆறாம் ஹென்றியை மறுபடி அரசனாக்கினார். எட்வர்ட் கடல் கடந்து பர்கண்டி டியூக்கின் நாட்டுக்கு ஓடினான். ஆறு மாதத்துக்குள், 1471 மார்ச் நடுவில், சொற்பப் படையோடு யார்க்ஷயர் கரையில் ரேவன்ஸ்பரில் வந்து இறங்கினான். ஹல் நகரம் கதவைச் சாத்திவிட்டது. யார்க் நகரத்தின் முன் போய் நின்று, தான் கிரீடத்துக்காக வரவில்லை, தகப்பனாரின் யார்க் டியூக் பட்டத்துக்கு மட்டுமே வந்திருப்பதாகச் சொன்னான். ஹென்றி மன்னன் வாழ்க என்று கோஷமும் இட்டான். நகரத்தார் முதலில் அவனை ஒரு சிலரோடு மட்டும் உள்ளே விட்டு, அவன் பேச்சைக் கேட்டு, பிறகு படைக்கும் கதவைத் திறந்தார்கள். எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே ரேவன்ஸ்பரில் இறங்கி, தன் தகப்பனாரின் லங்காஸ்டர் டியூக் பட்டத்துக்கு மட்டுமே வந்ததாகச் சொல்லித்தான் நான்காம் ஹென்றி அந்த வம்சத்தைச் சிம்மாசனத்தில் ஏற்றினான். அந்த வம்சத்தை இறக்கவும் அதே வார்த்தை, அதே கரை.

யார்க் நகரமும் ஹல்லைப் போலச் சாத்தியிருந்தால் எட்வர்டின் கதை அந்த வாரமே முடிந்திருக்கும். பக்கத்திலேயே பான்டிஃபிராக்ட் கோட்டையில் வாரிக்கின் தம்பி மாண்டேகு படையோடு இருந்தார். முடியாமல் போனதற்குப் பின்னணியில் இன்னொரு மனக்கசப்பு உண்டு. முந்திய ஆண்டில்தான் எட்வர்ட், நார்தம்பர்லண்ட் பட்டத்தை மாண்டேகுவிடமிருந்து பிடுங்கிப் பழைய உரிமையாளரான பெர்சி குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்திருந்தான். அதனால் மாண்டேகு வாரிக்கின் பக்கம் சாய்ந்தார்; பெர்சியோ நன்றிக்காக அசையாமல் வீட்டில் இருந்தார். வடநாடு பெர்சியின் முகத்தைப் பார்த்தே நடப்பது. அவர் அசையாதபோது யாரும் அசையவில்லை.

ஏப்ரல் 11-ஆம் தேதி லண்டன் கதவு எட்வர்டுக்குத் திறந்தது. வாரிக்கின் சகோதரரான ஆர்ச் பிஷப், ஹென்றி மன்னனை ஒரு பழைய நீல அங்கியோடு குதிரையில் ஏற்றி வீதிவலம் வரச் செய்து பார்த்தார். அந்தக் காட்சி ஜனங்களின் உற்சாகத்தைக் குறைத்ததே தவிர வளர்க்கவில்லை. லண்டன் எட்வர்டை ஏற்றதற்கு அக்காலத்து பிரெஞ்சு ராஜதந்திரியான கோமீன் மூன்று காரணம் சொல்கிறார்: அவன் மனைவி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் அடைக்கலத்தில் ஆண் குழந்தையைப் பெற்று வைத்திருந்தாள், நகரப் பெண்கள் பலருக்கு அவன்மேல் அபிமானம், அவன் வணிகர்களுக்குப் பெருங்கடன் பட்டிருந்தான், அவன் அரசனானால்தான் அது திரும்பும். மூன்றாவதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. 1461-இல் மார்கரெட்டிடம் பணம் இல்லாததால் சாத்திய கதவு, 1471-இல் எட்வர்டின் கடனால் திறந்தது.

பார்னெட்டில் வாரிக் விழுந்த அதே நாளில், வாரக்கணக்காக எதிர்க்காற்றால் தடைப்பட்டிருந்த மார்கரெட் தன் மகனோடு தென்கரையில் வேமத்தில் வந்து இறங்கினாள். அவளுடைய ஒரே நோக்கம் செவர்ன் நதியைக் கடந்து, வேல்ஸில் படை திரட்டிக்கொண்டிருந்த, ஹென்றி டியூடரின் சிற்றப்பன் ஜாஸ்பர் டியூடரோடு சேர்வது. மே 3-ஆம் தேதி, இரவு முழுவதும் நடந்த படையோடு குளோஸ்டர் நகரத்தின் பாலத்தை நாடி வந்தாள். நகரத்துக்குள் அவளுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் எட்வர்ட் அனுப்பிய தூதன் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டபடியால், கோட்டைத் தலைவர் ரிச்சர்ட் பியூசாம் கதவைச் சாத்தி வைத்தார். மதிலை முற்றுகையிட நேரமில்லை. எட்வர்ட் பின்னாலேயே வருகிறான். களைத்த கால்களோடு மேலும் வடக்கே டியூக்ஸ்பரி வரை நடந்து, அங்கே நதியைக் கடக்க முடியாமல் நின்றார்கள். மறுநாள் யுத்தத்தில் பதினேழு வயது இளவரசன் மாண்டான். அதே மாதம் 21-ஆம் தேதி இரவு அவன் தந்தை கோபுரச் சிறையில் இறந்தான். கொன்றார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தக் குளோஸ்டர் கதவைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். அது திறந்திருந்தால் மார்கரெட்டுக்கு வெற்றி நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். அவள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே, அன்று போர் செய்யாமல் இருப்பது. நதிக்கு அப்பால் போய்ப் பாலத்தை மறித்துவிட்டால், எட்வர்டின் படையும் ஒரே நாளில் முப்பது மைல் நடந்து ஓய்ந்த படைதான். அதே மே மாத நடுவில் வாரிக்கின் உறவினரான தாமஸ் நெவில் கென்ட் ஜனங்களோடும் கப்பற்படையோடும் வந்து லண்டன் பாலத்தையும் கிழக்கு வாசல்களையும் தாக்கினார். டியூக்ஸ்பரி நடந்துவிட்ட செய்தி பரவியிருந்ததால் லண்டன் துணிந்து எதிர்த்து நின்றது. எட்வர்ட் வேல்ஸ் மலையடிவாரத்தில் சிக்கியிருக்க, இளவரசன் உயிரோடிருக்க, அந்தத் தாக்குதல் நடந்திருந்தால் லண்டன்காரர்கள் தங்கள் கடனை வேறு வகையில் கணக்குப் பார்த்திருப்பார்கள். ஜாஸ்பரும் பதினான்கு வயது ஹென்றி டியூடரும் பிரிட்டனிக்குக் கப்பலேறியிருக்க மாட்டார்கள். பதினான்கு வருஷ அஞ்ஞாதவாசம் இல்லை, ஹென்றி டியூடர் கிரீடத்தை வென்ற பாஸ்வர்த் யுத்தமும் இல்லை.

1483-க்கு வருகிறேன். நாற்பத்தோராவது பிறந்தநாள் வருமுன் எட்வர்ட் ஏப்ரலில் நோயால் இறந்தான். மகன் ஐந்தாம் எட்வர்டுக்கு வயது பன்னிரண்டு. சிற்றப்பன் குளோஸ்டர் டியூக் ரிச்சர்ட் பாதுகாவலனானான். எலிசபெத் ராணி இளைய மகனையும் பெண்களையும் அழைத்துக்கொண்டு, முன்பு அடைக்கலம் புகுந்த அதே வெஸ்ட்மின்ஸ்டரில் மறுபடி புகுந்தாள். மூத்த பையன் ரிச்சர்டின் வசம் கோபுரத்தில்; ஒன்பது வயது இளையவன் தாயின் வசம் தேவாலயத்தில். இந்த நிலையில், மூத்தவனைக் கவிழ்ப்பதால் ரிச்சர்டுக்குப் பயனில்லை. கவிழ்த்தால் வெளியே இருக்கும் தம்பி அரசனாகிவிடுவான். ஜூன் 13-ஆம் தேதி, இறந்த மன்னனின் நெருங்கிய நண்பரான ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் தலை விழுந்தது. 16-ஆம் தேதி படகுகளில் ஆயுதம் தாங்கிய வீரர்கள் வெஸ்ட்மின்ஸ்டரைச் சூழ்ந்து நிற்க, கான்டர்பரி ஆர்ச் பிஷப் பூர்சியே உள்ளே போய், அண்ணனின் பட்டாபிஷேகத்தில் தம்பி இருக்க வேண்டாமா என்று வாதாடி, பாதுகாப்புக்குத் தாம் பொறுப்பென்று சொல்லி, பையனை அழைத்து வந்தார். மூன்று வாரத்துக்குள் பட்டாபிஷேகம் நடந்தது, மூன்றாம் ரிச்சர்டுக்கு.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. மறுத்திருந்தால் வீரர்கள் புனித எல்லையை மீறி நுழைந்திருக்கலாம். ஆனால் அப்படி நுழைந்திருந்தால், ஆர்ச் பிஷப்பும் லண்டன் மாநகரமும் பார்த்திருக்க, ரிச்சர்ட் அதுவரை அணிந்திருந்த பாதுகாவலன் என்ற வேஷம் அன்றே கலைந்திருக்கும். சட்டப்படி நடப்பவனென்ற தோற்றம் அவனுக்கு அந்த ஜூன் மாதத்தில் உயிர் மாதிரி. என் கணிப்பில், அவன் இன்னும் சில வாரம் தயங்கியிருப்பான். அந்தச் சில வாரத்தில் பையனின் பட்டாபிஷேகம் நடந்து, பாதுகாவலன் பதவியே முடிந்திருக்கவும் கூடும்.

பாஸ்வர்த்தை எல்லோரும் அறிவார்கள். 1485 ஆகஸ்டு 7-ஆம் தேதி வேல்ஸ் கரையில் இறங்கிய ஹென்றி டியூடருக்கு ஷ்ரூஸ்பரி நகரம் முதலில் கதவைச் சாத்திப் பிறகு திறந்தது. 22-ஆம் தேதி களத்தில் கடைசிக் கதவாக நின்றவர்கள் ஸ்டான்லி சகோதரர்கள். மூத்தவரான தாமஸ், ஹென்றியின் தாயை மணந்தவர். அவர் மகனைப் பிணையாக ரிச்சர்ட் பிடித்து வைத்திருந்தான். இருவரும் இரு படைக்கும் நடுவில் ஒதுங்கி நின்றார்கள். ரிச்சர்ட் நேரே ஹென்றியின் மேல் பாய்ந்து, அவன் கொடி தாங்கியைக் கொன்று, கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கிய பிறகே இளையவரான வில்லியம் ஸ்டான்லி அவன்மேல் பாய்ந்தார். 2012-இல் லெஸ்டர் நகரத்து வண்டி நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த ரிச்சர்டின் எலும்புக்கூட்டில் மண்டையோட்டுக் காயங்கள் அந்தக் கடைசி நிமிஷங்களுக்குச் சாட்சி. வில்லியம் இன்னும் ஒரு கணம் நின்றிருந்தால் விழுந்திருப்பவன் ஹென்றி.

அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஆவணத்தில் ஆதாரமுள்ள ஒரு பதில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ரிச்சர்டுக்கு விவாகத்தில் பிறந்த ஒரே மகன் 1484-இலும் மனைவி ஆன் 1485 மார்ச்சிலும் இறந்தார்கள். அந்த மார்ச் மாதத்திலேயே எட்வர்ட் பிராம்ப்டன் என்ற தூதர் லிஸ்பனுக்குப் புறப்பட்டார். போர்ச்சுகல் மன்னன் இரண்டாம் ஜானின் சகோதரி ஜோவானாவை ரிச்சர்டுக்கும், எட்வர்ட் மன்னனின் மூத்த மகள் எலிசபெத்தை பேஜா டியூக் மானுவேலுக்கும் மணமுடிக்கப் பேச்சு நடந்தது. ஜோவானாவின் உடம்பில் லங்காஸ்டர் ரத்தம் ஓடிற்று. அந்த விவாகத்தாலேயே இரு வம்சமும் ஒன்றாகியிருக்கும். துறவு வாழ்வில் மனம் ஊன்றிய ஜோவானா இசைந்திருப்பாளா என்பது சந்தேகம்தான். எலிசபெத்தின் திருமணம் நடக்கத் தடை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த மானுவேல்தான் 1495-இல் எதிர்பாராத விதமாகப் போர்ச்சுகல் மன்னனாகி, வாஸ்கோ ட காமாவைக் கப்பலேற்றி 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கச் செய்தவன். போர்ச்சுகீசியர் இலங்கைக் கரையில் கால் வைத்ததும் அவன் காலத்தில்தான். வில்லியம் ஸ்டான்லி நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், எட்டாம் ஹென்றியின் தாயாக வேண்டியவள் அந்தக் கப்பல்களை வழியனுப்பிய ராணியாக லிஸ்பனில் அமர்ந்திருப்பாள். கப்பல்கள் எப்படியும் வந்திருக்கும். இங்கிலாந்தில்தான் எட்டாம் ஹென்றி இல்லை, முதல் எலிசபெத் இல்லை. ரோமாபுரியோடு அந்த நாடு கொண்ட பிணக்கு வந்திருந்தாலும், ஒரு மன்னனின் விவாகரத்தை முகாந்தரமாகக் கொண்டு வந்திராது.

பாஸ்வர்த்தோடு போராட்டம் முடிந்துவிடவில்லை. ரிச்சர்டின் மரணச் செய்தி மறுநாள் எட்டியபோது, யார்க் நகர சபையார் தங்கள் ஏட்டில் அதைத் துக்கத்தோடு பதிவு செய்தார்கள்; புதிய அரசன் வென்றிருக்கும் வேளையில் அப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, 1487 ஜூனில், ரிச்சர்டின் சகோதரி மகனான லிங்கன் பிரபு, டப்ளினில் ஆறாம் எட்வர்ட் என்று முடிசூட்டப்பட்ட லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனை முன்னிட்டு, ஜெர்மானியக் கூலிப்படையோடும் ஐரிஷ் வீரர்களோடும் லங்காஷயர் கரையில் இறங்கி, யார்க் நகரத்துக்குக் கடிதம் அனுப்பினார். ரிச்சர்டுக்காக அழுத நகரம் அது. திறக்கும் என்று அவர் நம்பியதில் தவறில்லை. திறந்திருந்தால், பெர்சியின் அதிகாரத்தை வெறுத்து ஒதுங்கியிருந்த வடநாட்டுக் குடும்பங்கள் பல ஒரு வாரத்தில் அவர் கொடியின்கீழ் வந்திருக்கும். ஹென்றியின் தலைமைப் பிரபுக்களிலேயே ஊசலாடியவர்கள் இருந்தார்கள். இரண்டாவது பாஸ்வர்த்தில் இரண்டாவது ஸ்டான்லி ஒருவர் இல்லாமல் போயிருக்க மாட்டார். யார்க் நகரத்தார் கதவைச் சாத்திவிட்டு ஹென்றிக்குச் செய்தி அனுப்பினார்கள். அந்நியக் கூலிப்படையை மதிலுக்குள் விட அவர்களுக்கு மனம் வரவில்லை என்றும், முப்பது வருஷச் சண்டையில் களைத்துவிட்டார்கள் என்றும் நான் ஊகிக்கிறேன். லிங்கன் தெற்கே திரும்பி, ஜூன் 16-ஆம் தேதி ஸ்டோக் என்ற இடத்தில், வந்தபோதிருந்த படையைவிட அதிகம் சேராத படையோடு போரிட்டு மாண்டார். சிம்னல் சிறுவனை ஹென்றி தண்டிக்காமல் அரண்மனைச் சமையற்கட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டான்.